முதல் ஊத்தா

தாயில்பட்டிப் பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் 1962 வைகாசியில், ஊர் வழக்கங்களைச் சேகரித்துவந்த எனக்கு எழுதிய கடிதம் இப்படி முடிகிறது: ‘கண்மாய் வற்றி, முழங்காலளவு தண்ணீர்தான் கிடக்கிறது. ஞாயிறன்று மீன்பிடிப்பு. முதலில் இறங்குவது யார் என்பதில் தகராறு.’

ஞாயிறன்று நான் போய்ச் சேரும்போது, கரையில் ஊரே ஊத்தா என்னும் அடியில்லாத மூங்கில் கூடைகளோடு நிற்கிறது. யாரும் கால் நனைக்கவில்லை. ஒரு பெருமழையில் கரை உடையவிருந்தபோது, தண்ணீருக்குள் முங்கி மடையைத் திறந்து உயிர்விட்டவரின் வீட்டார்தான் முதலில் இறங்க வேண்டும் என்பது வழக்கம். இதுவரை முதலில் இறங்கிய அவருடைய தம்பியும் இறந்துவிட்டார். எஞ்சியிருப்பவர், மடை திறந்தவரின் மகள், திருத்தங்கலில் வாழ்க்கைப்பட்ட மாரியம்மாள். பஸ்ஸிலிருந்து ஊத்தாவோடு இறங்கி வருகிறார்.

“பொம்பள இறங்குனா அடுத்த வருசம் தண்ணி நிக்காது தாயி. ஊத்தாவ என் மவன்கிட்டக் குடு” என்கிறார், துண்டு வீசித் தொடங்கிவைக்க வேண்டிய ஊர்ப் பெரியவர்.

“எங்க அய்யா முங்குனப்ப ஆம்பளைக அம்புட்டுப் பேரும் கரையிலதான நின்னீக, மாமா? இப்பவும் அங்கனயே நில்லுங்க.”

யாரோ சிரிக்கிறார்கள். துண்டு அசையவில்லை. மாரியம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்குகிறார். ஊத்தாவைச் சேற்றில் அமுக்கி, உள்ளே கைவிட்டு, ஒரு விராலைத் தூக்கிக் காட்டுகிறார். அதன் பிறகுதான் பெரியவர் துண்டை வீசுகிறார். கூட்டம் தண்ணீருக்குள் பாய்கிறது.

கரையேறியவரிடம், அய்யா முங்கியது எந்த வருடம் என்று கேட்கிறேன்.

“நான் வயித்துல இருந்தேனாம் சார். ஆத்தா சொல்லித்தான் தெரியும். அவரு பேர எழுதிக்கிடுங்க.”

எழுதிக்கொள்கிறேன். ஆசிரியர் காட்டிய பழைய ஊர்க் குறிப்பேட்டிலோ ‘மடை திறந்தது’ என்று மட்டும் இருக்கிறது; திறந்தவர் பெயர் இல்லை. அவர் மாரியம்மாளின் தந்தைதானா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.