டோக்கன் இல்லாத குழந்தைகள்

சகோதரிகளே, நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். போன மழைக்காலத்தில் சிங்காரப்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, எங்கள் சபையிலிருந்து உதவிக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் முகாம். பால் பவுடரும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் கொடுக்கும் மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். ரேஷன் கார்டு காட்டினால் டோக்கன். டோக்கன் இருந்தால்தான் பொருள்.

இரண்டாம் நாள் காலையில் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசாக்காரப் பெண் சபிதா வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கையைப் பிடித்தபடி நான்கு வயது மகள் மீனா. இரண்டு பேருக்கும் வயிற்றுப்போக்கு.

"அக்கா, பாப்பாவுக்கு பாலு குடு. மருந்து குடு."

"டோக்கன் எங்கம்மா?"

"கார்டு ஊர்ல இருக்கு அக்கா."

"அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது. தள்ளி நில்லு, பின்னால எத்தன பேரு நிக்கறாங்க பாரு."

அவள் மறுபடியும் கெஞ்சினாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் பிரிக்காத பெட்டிகள் இருந்தன.

மறுநாள் மதியம் கைக்குழந்தை செத்துப்போனது. முகாமின் சுவரோரம், தார்ப்பாய்க்குக் கீழே. உதடு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் மீனா கண் செருகிக் கிடந்தாள். அவளை வண்டியில் ஏற்றிக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"நேத்தே ஒரு பாக்கெட்ட கரைச்சுக் குடுத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதுங்க" என்றார் நர்ஸ்.

வார்டு வாசலில் மண்டியிட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை. பல வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அதை விட்டுவிட்டேன். "ஆண்டவரே, எனக்கென்று எதுவும் வேண்டாம். இவளை மட்டும் உயிரோடு விடும்" என்று கதறினேன்.

சாயங்காலம் மீனா கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார்.

முகாமுக்குத் திரும்பியதும் பெட்டிகளைப் பிரித்தேன். பொறுப்பாளர் ஓடிவந்தார்.

"யாரக் கேட்டும்மா பிரிச்ச?"

"குழந்தைங்ககிட்ட இனி டோக்கன் கேக்க மாட்டேன் சார். வேணும்னா என்னை வெளிய அனுப்புங்க."

அவர் என்னை அனுப்பவில்லை. அன்றிலிருந்து நாங்கள் எங்கே உதவிக்குப் போனாலும், சூளைக் கொட்டகைகளில் இருக்கும் குழந்தைகளை முதலில் தேடிப் போகிறோம். கார்டு கேட்பதில்லை.

சபிதாவிடம் மன்னிப்புக் கேட்க அவள் கொட்டகைக்குப் போனேன். "அன்னைக்கு நீ என் மூஞ்சியப் பாக்கவே இல்ல" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

நம்பிக் கேளுங்கள், சகோதரிகளே. அவர் செவிகொடுப்பார், நானே சாட்சி. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்னால் அந்தத் தாயும் கடவுளைக் கூப்பிட்டிருப்பாள். அவளுக்கான பதிலை அவர் என் கையில்தான் கொடுத்து வைத்திருந்தார்.