முடி வேரிலிருந்து வந்த தோல்

என் தங்கை செல்விக்குப் பிறந்ததிலிருந்தே உடம்பில் தோல் நிற்காது. சட்டைத் தையல் உரசினால் கொப்புளம். கொப்புளம் உடைந்தால் புண். புண்ணோடு துணி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் பிரிப்போம். ஒன்பது வயது வரை அவள் அழாமல் குளித்த நாள் இல்லை. ரிஷிவந்தியம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் பெரியம்மாவே ஒருநாள், "இன்னா பாவமோ, புள்ள மேல வெடிக்குது" என்று அம்மா காதில் விழும்படி சொன்னாள். இது ஒட்டுகிற நோய் இல்லை என்றேன். "படிச்சவ சொல்றா, கேட்டுக்கோங்க" என்று சிரித்தாள்.

ஆமாம், நான் படித்தவள். கரும்பு வெட்டும் அப்பா அம்மாவுக்குப் பிறந்து, எங்கள் வம்சத்தில் முதன்முதலில் காலேஜுக்குப் போனவள். விலங்கியல் பட்டம் வாங்கியவள். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. பட்டம் வாங்கியதும் சாமி கும்பிடுவதையும் விட்டுவிட்டேன்.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்குப் புதுச் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும் நான்தான். செல்வியின் உடம்பில் தோலைப் பிடித்துவைக்கிற ஒரு ஜீன் பழுது. தலைமுடியை வேரோடு பிடுங்கினால், அந்த வேரில் புதுத்தோல் முளைக்கவைக்கும் செல்கள் இருக்கும். அவற்றுக்குள் சரியான ஜீனைச் செலுத்தி, தோலாக வளர்த்து, புண் மேல் ஒட்டுவார்கள். உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனாலும் எங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கினார்.

அம்மா என்னிடம் விவரம் கேட்டாள். "முடியிலேர்ந்து எடுப்பாங்க. சொன்னா உனக்குப் புரியாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

செல்வியின் முடி பிறவி முடி. கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வம் பச்சையம்மனுக்கு நேர்ந்துவிட்டது. அதை யாரும் தொட்டதில்லை. சென்னைக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது நான் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது செல்விக்குத் தலையில் முடி இல்லை. கத்தி பட்டால் தோல் உரிந்துவிடும் என்று, அம்மன் முன்னால் உட்காரவைத்து அப்பாவே கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டியிருக்கிறார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மொத முடிய ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டு, மிச்சத்தையாடி அம்மனுக்குக் குடுப்பாங்க? வேரு உள்ளதான கீது. கரும்ப அறுக்கறோம், கட்டையில துளுக்கலையா?"

ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். வேருக்குச் சேதமில்லை, ஆனால் இடுக்கியில் பிடித்துப் பிடுங்கும் அளவுக்கு முடி வேண்டும், இரண்டு மாதமாவது ஆகும், அதுவரை இடத்தை வைத்திருக்க முடியாது என்றார்கள். வரிசையில் அடுத்திருந்த பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நான் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. அந்த வாரம் செல்வியின் முதுகு முழுவதும் புண்ணானது. குப்புறப் படுத்தபடி, "எனக்குத் தோல் வாணாங்க்கா, வலிக்காம இருந்தா போதும்" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு கும்பிட்டேன். பக்தியோடு கும்பிடவில்லை, கோபத்தோடுதான் கும்பிட்டேன். எடுத்தவள் நீ, திருப்பிக் கொடு என்று கேட்டேன். முடியையும் கேட்டேன், அந்த இடத்தையும் கேட்டேன்.

ஒவ்வொரு வெள்ளியும் போனேன். ஒன்பதாவது வெள்ளி, கோயிலிலிருந்து வரும் வழியில் ஆஸ்பத்திரி நர்சு போன் செய்தார். இடம் கிடைத்த அந்தப் பிள்ளை வரவில்லை, உங்கள் பிள்ளைக்கு முடி வளர்ந்துவிட்டதா என்று கேட்டார். விரல்நுனி அளவு வளர்ந்திருந்தது. அதுவே போதும் என்றார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்று சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்து ஜீன், வேர், ஒட்டுத்தோல் எல்லாவற்றையும் விளக்கினேன். என்னைவிடச் சரியான கேள்விகளை அவள் கேட்டாள்.

முடி எடுத்தார்கள். தோல் வளர்ந்தது. இடது கையிலும் முதுகிலும் ஒட்டினார்கள், பிடித்துக்கொண்டது. மற்ற இடங்களில் இன்னும் கொப்புளம் வருகிறது. முழுதும் குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போன மாதம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்கும்போது அம்மா செல்வியின் இடது கையை இறுக்கிப் பிடித்தாள். பெற்ற பத்து வருஷத்தில் முதல் தடவை. செல்வி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வரவில்லையே, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று நான் பிறகு நர்சிடம் கேட்டேன். "புண்ணுல கிருமி ஏறிடுச்சும்மா. போயிடுச்சு" என்றார்.

என் வேண்டுதலை அம்மன் கேட்டாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, நன்றி சொல்லாத நாளும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டிலும் யாரோ ஒருத்தி வெள்ளிக்கிழமை தவறாமல் போயிருப்பாள். அவளுக்கு ஏன் பதில் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமலேதான் நம்புகிறேன். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற நீங்களும் கோபத்தோடாவது கும்பிடுங்கள், விட்டுவிடாதீர்கள். கும்பிடும்போது பேர் தெரியாத அந்தப் பிள்ளைக்கும் ஒரு சூடம் கொளுத்துங்கள். நான் கொளுத்துகிறேன்.