சுண்டுவிரலில் நீல மை

1. உள்ளூராட்சிக் கவுன்சில் தேர்தலில் அன்ரி வாக்களித்தார். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.
2. குடியுரிமை இல்லாதவர்கள் கவுன்சில் தேர்தலில் வாக்களிப்பது தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து, அதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்று ஒரு அரசியல்வாதி வானொலியில் பேசினார்.
3. அன்று மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அன்ரி கடைக் கதவை உள்ளிருந்து பூட்டினார்.

அன்ரி எனக்கு உறவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் சனிக்கிழமைகளில் அவருடைய கடையில் வேலை செய்தேன். வேலை கிடைத்த பிறகும் போவதை விடவில்லை. மெல்பேர்னின் தென்கிழக்கில், ரயில் நிலையத்தை ஒட்டி, அப்பமும் இடியப்பமும் விற்கும் சிறிய கடை. இலங்கையின் பேசாலையிலிருந்து படகில் வந்தவர். தற்காலிக விசாவில் பல வருடங்கள் இழுபட்டு, நிரந்தர விசா கிடைத்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். ஏழு வயதில் தங்கையிடம் விட்டுவந்த மகளுக்கு ஊரில் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அகதியாக ஏற்கப்பட்டவர் குடியுரிமை வாங்காமல் ஊருக்குப் போய்வந்தால் விசாவே பறிபோகலாம். அதனால் மகள் திகதி வைக்காமல் தாய்க்காகக் காத்திருந்தாள்.

கடையை வாடகைக்கு எடுத்து அதற்குக் கவுன்சில் வரியும் கட்டுபவர், குடியுரிமை இல்லாவிட்டாலும், விண்ணப்பித்தால் வாக்காளர் ஆகலாம் என்பது எங்கள் மாநிலத்து விதி. பின்சந்தில் விளக்கில்லை என்று முறையிடப் போன இடத்தில் யாரோ இதைச் சொல்ல, அன்ரி உடனே பதிந்துவிட்டு வந்தார். தபாலில் வந்த வாக்குச்சீட்டை மாவு துடைத்த மேசையில் விரித்து, விருப்ப வரிசைப்படி எண் போடுவதற்காக, கூடவே வந்த கையேட்டில் வேட்பாளர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்தாள் சிரிக்கிற சிரிப்பைப் பார். சந்துக்கு லைட் போடுற முகமே இது? கடைசி நம்பர் குடுக்கிறன்" என்றார். உறையை ஒட்டிய பிறகும் அவருக்குத் திருப்தி வரவில்லை. ஊரில் வாக்குப் போட்டால் விரலில் மை பூசுவார்கள். இங்கே அது இல்லை. என் பேனாவை வாங்கி இடதுகைச் சுண்டுவிரல் நகத்தில் தானே நீலம் தீட்டிக்கொண்டார். விரலை உயர்த்திப் பிடிக்க, நான் படம் எடுத்தேன். மகளுக்கு அனுப்பினார். மகள் அதை முகநூலில் போட்டாள். ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வாழ்த்துகள் வந்தன. பாதிப் பேர் எழுதியது ஒன்றுதான்: அவுஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்ததற்கு வாழ்த்து. அன்ரி அதைத் திருத்தவில்லை. எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டு வைத்தார்.

வானொலிப் பேச்சு வந்த நாளில் நான் கடையில் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாடிக்கையாக வரும் அங்கிள் ஒருவர், முப்பது வருடக் குடிமகன், பார்சலுக்குக் காத்து நின்றபடி, "என்ன பிள்ளை, உங்கட அன்ரி வெளிநாட்டு உளவாளியாம். அப்பச்சட்டிக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்கிறா?" என்று என்னைக் கேட்டார். அன்ரியும் விடவில்லை. "ஓம், உங்கட கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் பின்னாலேயே போய் அன்ரி கதவைப் பூட்டினார். அடுப்பில் அப்பம் கருகியது. அதைத் திரும்பிப் பார்க்காத அன்ரியை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன்.

"அந்தப் படத்தில நான் சிட்டிசன் எண்டெல்லோ எல்லாரும் எழுதியிருக்கினம். நானும் கும்பிடு போட்டிருக்கிறன். பொய் சொல்லி வோட் போட்டனான் எண்டு சொன்னா?"

"சட்டப்படி நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை அன்ரி."

"பிழை செய்யாத ஆக்களைத்தான் பிள்ளை ஊரில பிடிச்சுக்கொண்டு போனவங்கள்."

கணினி வலையமைப்புகளின் பாதுகாப்பு என் தொழில். ஒரு பதிவை அழித்தால், அழித்தது ஒரு பதிவாக நிற்கும் என்பதை நாள்தோறும் பார்ப்பவள். அன்ரி சொன்னதும் மகள் படத்தை உடனே நீக்கிவிட்டாள். ஆனால் கனடாவில் யாரோ அதை ஏற்கெனவே தங்கள் பக்கத்தில் பகிர்ந்திருந்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்து அடுத்த முறை வாக்குப் போடாவிட்டால் அபராதம் வரும்; போட்டால் வானொலியில் சொன்ன ஆபத்து அவர்தான். பெயரை நீக்கச் சொன்னால், ஏன் இப்போது என்று யாராவது கேட்கலாம். போடாமல் விடுவது, போடுவது, பெயரை நீக்குவது என்று மூன்றையும் எழுதி, எதிரே அதனதன் அபாயத்தையும் எழுதினேன். வேலையில் இப்படி எழுதினால் ஏதாவது ஒரு வழி மற்றதைவிடச் சிறியதாகத் தெரியும். அன்று மூன்றும் ஒரே அளவில் இருந்தன. இந்த நாட்டிலேயே பிறந்த எனக்கு, ஒரு விதியை முழுதாகப் படித்த பின்னும் அதை நம்ப முடியாமல் போனது அதுதான் முதல் தடவை.

"நானே கேட்டு வாங்கினது. நானே திருப்பிக் குடுக்கிறன்" என்றார் அன்ரி. பெயரை நீக்கச் சொல்லும் கடிதத்தை நான் எழுதினேன். காரணம் எழுத வேண்டாம் என்றேன். "எழுதாட்டி அதையும் கேப்பினம்" என்றார். கடைசியில் உடல்நலக் குறைவு என்று எழுதவைத்து, அதுவும் பொய்யாகிவிடுமோ என்று பயந்து, அந்த வரியை அவரே வெட்டச் சொன்னார்.

போன மாதம் கடையின் குப்பைத்தொட்டியை எடுக்காமல் போய்விட்டார்கள். மீன் தலைகள் நாறின. கவுன்சிலுக்கு நான் போன் பண்ணவா என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. எங்கட பேர் அங்க போக வேண்டாம்."

பையில் கட்டி என் காரில் ஏற்றினோம். என் வீட்டுத் தொட்டியில் போட்டேன்.

இன்றைய நிலை இது. சட்டம் மாறவில்லை, மாற்ற வேண்டும் என்ற பேச்சும் நிற்கவில்லை. அன்ரியின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை. குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. மகள் வரும் தை மாதத்தில் கலியாணத்துக்குத் திகதி வைத்துவிட்டாள். அன்ரி போகப்போவதில்லை.