ரீஜண்ட் என்று பெயர் வைத்தவள்

டீச்சர் இஸ்மே உள்ளே நுழைந்தால் மன்றத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவளுடைய சித்தப்பா மகள் குளோட்டில்டா நுழைந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். இந்த வித்தியாசம் இஸ்மேயின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துப் பல வருஷமாகிறது.

செயிண்ட் லூசியா தீவின் தென்கரையில் மோன் பெல் என்ற ஊர். ஆகஸ்ட் கடைசியில் புனித ரோஸ் திருநாள் வரும். அதற்காக அந்த ஊர் ரோஜா மன்றத்தார் வருஷந்தோறும் ஒரு பொய் அரசாங்கம் நடத்துவார்கள். ராஜா, ராணி, நீதிபதி, போலீஸ் எல்லாம் உண்டு. ராணிக்கு முன் குனியாமல் போனவனைப் போலீஸ் பிடித்துவந்து நிறுத்தும். தண்டனையாக அவன் சபை நடுவே ஆடிக்காட்ட வேண்டும். இஸ்மேதான் நெடுங்கால ராணி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவள் என்பதால், வீட்டில் கிரியோல் மொழி பேசும் சனங்களை மன்றத்தில் அவரவர் பதவிக்குரிய பேச்சை மட்டும் ஆங்கிலத்தில் பேசவைத்திருந்தாள். ‘ரெயின்’ வேறு, ‘ரூல்’ வேறு என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். ராணி சிம்மாசனத்தில் இருப்பது ரெயின். உத்தரவு போட்டு நடத்துவது ரூல். “ரெயின்னா மழைதானே டீச்சர்?” என்று ராஜா வேஷம் கட்டும் பஸ் டிரைவர் லூஷியன் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு இஸ்மே பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மன்றத்தில் பாட்டுக்கூட்டங்கள் தொடங்கும் சமயம். ராணி நாற்காலி காலியாக இருக்கக் கூடாதென்று குளோட்டில்டாவை உட்காரவைத்தார்கள். அவள் மீன் விற்கிறவள். தெருவில் கூவிக்கூவித் தொண்டை கணீரென்று இருக்கும். சாயங்காலங்களில் இஸ்மே படுக்கையில் கிடந்தபடி மன்றத்துப் பாட்டைக் கேட்பாள். தன் காலத்தில் இவ்வளவு சத்தமாகப் பாடினார்களா என்று யோசிப்பாள். இல்லை என்றுதான் தோன்றும். முறிந்த காலைவிட அது வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளோட்டில்டா கிழங்கு போட்ட மீன் சாறு கொண்டுவந்தாள். ருசியாக இருந்ததால் இஸ்மே பாதியில் வைத்துவிட்டாள்.

“அங்க உன்ன என்னன்னு கூப்பிடறாங்க?”

“ராணின்னுதான், டூடூ. வேற எப்படிக் கூப்பிடுவாங்க?” ஊரில் எல்லாரையும் ‘டூடூ’ என்று செல்லமாகக் கூப்பிடுவது அவள் வழக்கம். இஸ்மேக்குப் பிடிக்காது.

“ராணி உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தி ராணி ஆக முடியாது. ராணியால முடியாதப்ப அவ இடத்துல இருந்து பாத்துக்கறவளுக்கு ரீஜண்ட்னு பேரு. நீ ரீஜண்ட்.”

குளோட்டில்டா கோபித்துக்கொள்வாள் என்று இஸ்மே எதிர்பார்த்தாள். அவளோ அந்தச் சொல்லை மீன் முள்ளைத் தேடுகிறவள்போல வாய்க்குள் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாள். “நல்லா இருக்கே” என்றாள்.

ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ரீஜண்ட். ராணி எல்லா ஊர் மன்றத்திலும் இருக்கிறாள், ரீஜண்ட் நம்மிடம்தான் என்று பெருமையடித்தார்கள். மன்றத்தில் முன்பாட்டுப் பாடும் பாட்டுக்காரி அதை வைத்து ஒரு பாட்டுக் கட்டினாள். மீன் வாங்க வருகிறவர்கள்கூடக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் விலை கேட்டார்களாம். தன் கையால் எறிந்த கல், அவள் கழுத்தில் பதக்கமாகத் தொங்குவதை இஸ்மே பார்க்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் பிறந்ததும் ஊன்றுகோலோடு மன்றத்துக்குப் போனாள். மரியாதையாகக் கிரீடம் வைத்து நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அன்று குனியாமல் போன தச்சன் ஒருவனைப் போலீஸ் பிடித்துவந்தது. நீதிபதி தண்டனை கேட்டுக் குளோட்டில்டாவின் முகத்தைப் பார்த்தார். அவள், “முதுகு வலின்னு சொல்றான், பாவம். விட்டுடுங்க” என்றாள்.

“ஓவர்ரூல்” என்று அந்த உத்தரவைத் தள்ளினாள் இஸ்மே. “அவன் ஆடணும்.”

லூஷியன்தான் தயங்கித் தயங்கிப் பேசினான். “டீச்சர், நீங்க சொல்லித் தந்ததுதான். ராணி ரெயின் பண்ணுவாங்க. ரீஜண்ட் ரூல் பண்ணுவாங்க.”

யாரோ ஒருவர் சிரிக்க, சபையே சிரித்தது. தச்சன் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான்.

திருநாளன்று கோயிலிலிருந்து மேட்டுத்தெரு வழியாக ஊர்வலம். இஸ்மேயால் மேடு ஏற முடியாது. பிக்கப் வண்டியில் பின்னால் வந்தாள். முன்னே ராஜாவோடு கைகோத்தபடி குளோட்டில்டா நடந்தாள். வழிநெடுக இஸ்மே பார்த்ததெல்லாம் அவள் முதுகைத்தான். அவளுடைய சிவப்புப் பட்டுக் கவுன் நன்றாகத் தைக்கப்பட்டிருந்தது, அதையும் பார்த்தாள்.

விருந்துக்கு எல்லாரும் உட்கார்ந்தபோது இஸ்மே எழுந்து நின்று, “ஐ அப்டிகேட்” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. ஜெபமென்று நினைத்து ஒருவர் ஆமென் சொன்னார். மறுபடி கால் வலியா என்று குளோட்டில்டா கேட்டாள். கடைசியில், முடி துறக்கிறேன், இனி நான் ராணி இல்லை என்று கிரியோலில் சொல்ல வேண்டியிருந்தது. வேண்டாமென்று கெஞ்சுவார்கள் என்று காத்திருந்தாள். யாரோ தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

“அப்ப நான் யாரு?” என்று கேட்டாள் குளோட்டில்டா. கேலியாக இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான்.

“ராணி இல்லன்னா ரீஜண்டும் இல்ல. உன் வேலையும் போச்சு.” அந்த வாக்கியம் இஸ்மேயின் நாக்கில் தேனாக இருந்தது.

தேன் அடுத்த கூட்டம்வரைதான் இனித்தது. அங்கே புது ராணி யாரென்று கேட்டபோது எல்லாக் கையும் குளோட்டில்டாவுக்காக உயர்ந்தது. இஸ்மே தன் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

முடி சூட்டியபின் ஒவ்வொருவராகப் போய்க் குனிந்தார்கள். இஸ்மேயின் முறை வந்ததும் குளோட்டில்டா பாதி எழுந்து, “உனக்கு வேண்டாம் டூடூ, கால் இருக்கற நெலமையில” என்றாள். அவள் போடும் பிச்சையாக ஒரு சலுகையா? இஸ்மே பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சபையில் யாரும் குனியாத அளவுக்குத் தாழக் குனிந்தாள். நிமிர்வதற்கு லூஷியன் கைகொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு பெண்கள் வரிசையில் போய் நின்றாள். ராணியாக இருந்தவரை கூட்டத்தோடு பாடியதில்லை. இப்போது பாடினாள். வஞ்சமெல்லாம் தொண்டைக்கு வந்ததுபோல அப்படிப் பாடினாள். பக்கத்தில் நின்றவள் அவள் முழங்கையைத் தொட்டு, பாட்டுக்காரி குரல் கேட்கவில்லை, கொஞ்சம் அடக்கிப் பாடு என்றாள்.