மோசமான சம்சாரம்

மாட்டுப்பட்டி அணைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு விடுதியில் பதினான்கு வருடமாக அறைகளைச் சுத்தம் செய்கிறாள் பூமாரி. தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். அவள் மூன்றாம் மாடியில் சிரித்தால் கீழே வரவேற்பறையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தச் சிரிப்பால் அவளுக்கு நல்ல பெயர் உண்டு. ஒரே ஒரு முறை தலைகுனிவும் வந்தது.

தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் வந்து, பெண்களுக்குத் தொல்லை வராமல் பார்ப்பது முதலாளியின் கடமை, புகார்க் குழு எங்கே, அறிவிப்புப் பலகை எங்கே என்று பிடித்துக்கொண்டார். மேலாளர் கோபிநாத் மலையாளி. நல்ல மனுஷன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. தமிழ்ப் பலகையைத் தானே எழுதி மாட்டிவிட்டார். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. அந்த வார்த்தையை அப்படியே விட்டதில், 'வேலையிடத்தில் மோசமான சம்சாரம் குற்றம்' என்றது பலகை.

சமையல்கட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

"ஏ பூமாரி, ஒம் புருசன் கேஸ் குடுத்தா நீ உள்ள போயிருவ!" என்றான் தலைமைச் சமையல்காரன் பாண்டீஸ்வரன்.

பூமாரிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவன் அதோடு நிற்கவில்லை. புருஷனை இழந்து, தனியாளாக மகளை வளர்க்கும் செல்வலட்சுமி பரிமாறத் தட்டோடு வெளியே போகையில் வாசலில் கையை நீட்டி மறித்தான். "ஒனக்கென்ன பயம்? நீதான் யாருக்கும் சம்சாரம் இல்லையே. வேணும்னா நான் வச்சுக்கிடுதேன்."

பழக்கதோஷம், பூமாரி அதற்கும் சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் உடை மாற்றப் போனால், செல்வலட்சுமி ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, அவன் ஏதோ வெளையாட்டுக்கு..."

"ஆறு மாசமா இதே வெளையாட்டுதான்க்கா. இன்னைக்கு நீங்களும் சேந்து சிரிச்சீக."

பூமாரிக்குச் சுரீரென்றது. வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் பாதி தன் மேலேயே. நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"பலகையத் திருத்தணும் சார்."

"ஒரு வார்த்தையல்லே சேச்சி, போட்டே!" ஒரு வார்த்தைதானே, விட்டுவிடுங்கள் என்றார் அவர்.

"அந்த வார்த்தைய வச்சுத்தான் செல்வலட்சுமிய வழிமறிச்சிருக்கான். தடுக்கிறது ஒங்க கடமைன்னு அந்த ஆபீசர் சொன்னப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன்."

கோபிநாத் முகம் மாறியது. பேனாவை எடுத்தார். "நீங்க சொல்லு, நான் எழுதறேன்."

மறுநாள் காலையில் புதுப் பலகை தொங்கியது: 'பெண்களிடம் அசிங்கமாகப் பேசினாலும், தொட்டாலும், வழிமறித்தாலும் குற்றம். கேலிக்குச் செய்தேன் என்றாலும் குற்றமே. தடுப்பது முதலாளியின் பொறுப்பு.' கீழே புகார்க் குழுவின் தலைவி, கணக்குப் பிரிவு யோகப்பிரியாவின் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தன. யாரும் சிரிக்கவில்லை. பாண்டீஸ்வரன் படித்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டான்.

செல்வலட்சுமி யோகப்பிரியா முன் உட்கார்ந்து புகார் எழுதினாள். பூமாரி பக்கத்திலேயே நின்றாள்.

"சாட்சின்னு எம்பேரப் போடு. நான் பாத்தேன், பாத்துட்டுச் சிரிச்சேன். ரெண்டையும் எழுது."

"அது எதுக்குக்கா?"

"நடந்தது அதானே. எழுதுடி."

எழுதினாள். விசாரணை முடிகிறவரை பாண்டீஸ்வரன் விடுதிப் பக்கமே வரக் கூடாது என்று கோபிநாத் உத்தரவு போட்டார். செல்வலட்சுமி பேனாவை மூடினாள்.

"அக்கா, நாளைக்கு எனக்கு எந்த ஷிப்டு?"