மூஸுக்கு எந்தத் துவக்கு?

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்கும்: வாடிக்கையாளர் ஆலோசனை கேட்க வருவதில்லை, தலையாட்ட ஆள் தேடித்தான் வருகிறார். நான் மில்லிக்கன் பக்கம் ஒரு வேட்டைச் சாமான் கடையில் துவக்கு விற்கிறேன். தலையாட்டுவதில்லை.

மக்னம் வாங்கிய அண்ணை

விட்பியிலிருந்து சிறீ அண்ணை வந்தார். வீடு திருத்துகிற வேலை. கூட வேலை செய்கிறவர்களோடு வடக்கே மூஸ் வேட்டைக்குப் போகப்போகிறாராம். மூஸ் மான் சாதிதான். ஆனால் குதிரையைவிட உயரம். அதனால் கடையிலேயே பெரிய குண்டு போடுகிற, மக்னம் என்கிற துவக்கைக் கேட்டார்.

"அண்ணை, அது தோளை உடைக்கிற மாதிரி உதைக்கும். உங்களுக்கு இந்தச் சின்ன முந்நூற்றெட்டுத் துவக்கே காணும். முன்னங்காலுக்குப் பின்னாலை, நுரையீரலிலை படவேணும். அங்கை பட்டா விழும்" என்றேன்.

அவர் என் தலைக்கு மேலால் பார்த்து, "ஆம்பிளை ஆரும் நிக்கினமோ?" என்றார். மனேஜர் றொன் வந்தார், மக்னத்தை எடுத்துக் கொடுத்தார். போகும்போது சிறீ அண்ணை சொன்னது: "பாத்தீரோ தங்கச்சி, அந்த மனுசன் ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

கலியாண வீட்டில்

றிச்மண்ட் ஹில்லில் ஒரு கலியாணம். என் கணவரின் பெரியம்மா முறையான ஒரு அன்ரி பக்கத்தில் இருந்து, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வாயருகே போன வடை அப்படியே நின்றது. "ஷெல்லடிக்குத் தப்பி ஓடிவந்து, இஞ்சை துவக்கு விக்கிறீரோ?"

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் குனியவில்லை. "அன்ரி, எங்களுக்கு ஷெல் அடிச்சவை ஆரிலை படுது எண்டு பாக்கேல்லை. நான் எங்கை படவேணும் எண்டு பாக்காதவனுக்குத் துவக்கு விக்க விரும்பிறேல்லை. ரெண்டும் ஒண்டில்லை."

அன்ரி வடையைக் கடித்து முடித்தார். பிறகு என் காதோடு குனிந்து கேட்டார்: "பிள்ளை, அந்த மூஸ் இறைச்சி ஆட்டிறைச்சி மாதிரியோ இருக்கும்?"

சூட்டுத் திடலில்

நான் ஞாயிறுகளில் சுடப் போகிற திடலில் சிறீ அண்ணையைக் கண்டேன். தோள் கன்றிப்போயிருந்தது; இலக்குத் தாளில் ஒரு ஓட்டையும் இல்லை. "நான் துவக்கிலை ரவை போட்டுத் தாறன், நீங்கள் சுடுங்கோ" என்றேன். சம்மதித்தார்.

இடையில் அவருக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத ஒரு வெற்று ரவையைப் போட்டேன். விசையை அழுத்தினார். 'டிக்' என்றது. வெடிக்கவேயில்லை, ஆனால் அண்ணையின் கண் இறுக மூடியது, குழல் நிலத்தைப் பார்த்தது. உதைக்குப் பயந்து உடம்பு முந்திக்கொள்கிறது என்று விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தத் துவக்கிலை ஏதோ பிழை இருக்குது, தங்கச்சி."

வேட்டை முடிந்து

முதல் பனி கொட்டிய கிழமை திரும்பி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. மூஸ் பக்கவாட்டாக, அசையாமல் நின்றதாம். சுட்டது வயிற்றில் பட்டது. சதுப்புக்குள்ளே இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து இருட்டும்வரை நடந்திருக்கிறார்கள். அடுத்த நாளும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"எங்கையோ கிடந்து துடிச்சிருக்கும்" என்றவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "இதைவிடப் பெரிசு இருக்கோ?"

எனக்கு வந்த கோபத்தில் துவக்கு அலமாரியைப் பூட்டி, திறப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன். "இருக்குது. தரமாட்டன். வயித்திலை பட்டா பீரங்கியாலை அடிச்சாலும் அது வயிறுதான்."

றொன் ஓடிவந்து, விற்க மறுத்தால் வேலை இருக்காது என்றார். "அப்ப நீரே வேறை ஆளைப் பாரும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, திறப்பைக் கொடுக்காமல் நின்றேன்.

சிறீ அண்ணை என்னைப் பார்த்தார், றொன்னைப் பார்த்தார், தன் தோளைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "சரி, அந்தச் சின்னதையே எடும். ஆனா ஆக்களிட்டைச் சொல்லிப்போடாதையும்."

துவக்கு விற்பது லேசு. ஒரு ஆம்பிளைக்குச் சின்னத் துவக்கு விற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கூட்டித் தரவேணும்.