மங்களப் பாட்டுக்குப் பின்னிருந்த பக்கம்

எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் உணவில் உப்பு சேர்ப்பதில்லை. மரக்காணத்தில், உப்பளத்துக்குக் கூப்பிடு தொலைவில் இருந்துகொண்டு, வாரத்தில் ஒரு நாள் உப்பின்றி உண்ணும் குடும்பம் வேறொன்று இருந்ததாக நான் அறியேன். பாட்டனார் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எதற்காக நேர்ந்தார் என்று எவரும் கேட்டதில்லை. பக்தியின் மிகுதியால் நாவின் சுவையைத் துறந்தார் என்றே எழுபத்திரண்டு வயது வரை நம்பியிருந்தேன். கோயில் சொற்பொழிவுகளில் அதைப் பெருமையோடு எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன்.

அஞ்சலகப் பணியில் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின், புதுச்சேரிக் கல்லூரி ஒன்று ‘இலக்கியம், சூழலியல், பேரரசு’ என்றொரு பாடத்தை வயது வரம்பின்றி நடத்துவதாக அறிந்து அதில் சேர்ந்தேன். கடலையும் முகிலையும் இறைவனின் திருமேனியாகவே கண்ட பாசுரங்களில் ஊறியவனுக்கு முதலிரண்டு சொற்களே போதுமானவையாக இருந்தன. மூன்றாம் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை.

என்னோடு வாழ்ந்த அக்காவுக்கு அப்போது வயது எண்பதைக் கடந்திருந்தது. கணவரை இழந்த பின் என் வீட்டுக்கே வந்துவிட்டவள். நான் பேருந்துக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று கிண்டல் செய்வாள்.

“ஏன்டா, டிபன் பாக்ஸ்ல தயிர் சாதம் வெச்சுத் தரட்டுமா? டீச்சர் அடிச்சா அழுதுகிட்டு வராத.”

பாடத்தின் இறுதித் திட்டப்பணியாக, ஊரில் ஓரிடத்தையும் வீட்டிலிருக்கும் ஒரு பழைய எழுத்தையும் அருகருகே வைத்து ஆராய வேண்டும் என்றார்கள். இடமாக நான் கழுவெளியை எடுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் ஏரியாகவும் கோடையில் வெடித்த சேறாகவும் கிடக்கும் அந்த உவர்நிலத்தை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவன் நான். எழுத்தாகப் பாட்டனாரின் பாசுரக் குறிப்பேடு. வெள்ளையர் அரசின் உப்பு இலாகாவில் சேவகராக இருந்தவர், ஓய்ந்த வேளைகளில் தம் கையாலேயே படியெடுத்த ஏடு அது.

ஆசிரியை என் மகளைவிட இளையவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

“ஐயா, நோட்டு முழுசையும் போட்டோ எடுத்துடுங்க. வெத்துப் பக்கம்னு விட்டுடாதீங்க. அட்டை கூட வேணும்.”

அந்த நிபந்தனை இல்லாவிட்டால் அப்பக்கத்தை நான் கண்டிருக்க மாட்டேன். எங்கள் வழக்கத்தில் மங்களப் பாட்டோடு ஓதுதல் முடிந்துவிடும். ஏட்டைக் கண்களில் ஒற்றிக்கொண்டு மூடிவிடுவோம். மங்களம் பாடிய பின் மேலும் தாள் புரட்டுவது அபசாரம். தந்தையார் புரட்டியதில்லை, அக்காவும் நானும் புரட்டியதில்லை. ஏழெட்டு வெற்றுத்தாள்கள் தள்ளி, கடைசிப் பக்கத்தில், பாட்டனார் எழுதி வைத்திருந்தார்.

கழுவெளியின் ஓரத்தில் கோடைவெயிலில் தானாகவே உப்புப் பூக்கும். அதை எவரும் அள்ளக்கூடாது, கண்ட இடத்தில் சேற்றோடு கலந்து அழித்துவிட வேண்டும் என்பது இலாகாவின் ஆணை. ஒரு சனிக்கிழமை, நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி முந்தானையில் அவ்வுப்பை அள்ளி வந்தாள். பாட்டனார் முந்தானையைப் பற்றி இழுத்தார். அவள் வயிறு நிலத்தில் மோத விழுந்தாள். விழுந்தவளைப் பாராமல், சிந்திய உப்பைச் சேற்றில் மிதித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் வந்து அவளைத் தூக்கிச் சென்றார்கள். இனிச் சனிக்கிழமைகளில் உப்பைத் தீண்டேன், பெருமாளே பொறுத்தருள்க என்று முடிந்திருந்தது. பாசுரங்களை எழுதிய அதே அழகிய கையெழுத்து. அவளுடைய பெயர் மட்டும் அதில் இல்லை.

திட்டப்பணியை எழுதி முடித்தேன். தம்மைக் கடையரிலும் கடையராகச் சொல்லி இறைவனிடம் அழுத அடியார்களின் வரிசையில் பாட்டனாரையும் நிறுத்தி, அருளால் அவர் மன்னிக்கப்பட்டார் என்று முடிவுரை வகுத்தேன். அது நன்றாக அமைந்துவிட்டதாகவும் எனக்குத் தோன்றியது.

நான் எதை எழுதினாலும் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவளுக்குக் கண்பார்வை குறைந்துவிட்டிருந்தது. இதயம் நலிந்து கால்களில் நீர் கோத்திருந்தது. பாட்டனாரின் மடியிலமர்ந்து பாசுரம் கற்றவள் அவள். எங்களில் அவர் குரலைக் கேட்டவள் அவள் ஒருத்தியே. எப்படிப் படிப்பது என்று மூன்று நாள் தயங்கினேன். நான்காம் நாள் காலையில் அவளே கேட்டுவிட்டாள். சிலவற்றை விட்டுவிட்டுப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவுரை வரை கேட்டாள்.

“பெருமாள்கிட்ட கேட்டாரு. சரி. அந்தப் பொம்பளகிட்ட கேட்டாரா?”

“எழுதலக்கா.”

“எழுதலன்னா கேக்கலன்னு அர்த்தம். ஒரு எழுத்து விடமாட்டாரு அவரு.” பிறகு சொன்னாள்: “எழுவது வருசமா அவரோட பாவத்த எம்பக்தின்னு நெனச்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள யார்கிட்டயாவது கேட்டுடணும்டா.”

பெயரில்லாத ஒருத்தியை எங்கே தேடுவது என்றேன். அவள் கேட்பதாக இல்லை. அடுத்த வாரம் ஆட்டோ அமர்த்தி உப்பளத்துக்கு அழைத்துச் சென்றேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஆண்கள் பாத்திகளில் பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அதைச் சட்டிகளில் அள்ளிச் சுமந்து சாலையோரம் அம்பாரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் சும்மாடோடு எங்களருகே வந்து நின்றாள்.

“இன்னா ஆயா, சர்வேயா? போன மாசந்தான் ஒரு பொண்ணு வந்து எழுதிக்கிட்டுப் போச்சு. எஞ்செருப்பு சைஸ் கூட கேட்டுச்சு.”

“சர்வே இல்லம்மா. மன்னிப்பு கேக்க வந்தேன்.”

பின்னால் வந்தவள் உரக்கச் சிரித்தாள். “யாருடி அது? அப்படியே நம்ம மேஸ்திரிக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போவச் சொல்லு!”

அக்கா ஆட்டோவில் அமர்ந்தபடியே நடந்ததைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, பாட்டனாருக்காக ஒரு சொல்லும் பரிந்து பேசவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது. சும்மாடு கட்டியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க ஆளுங்களா இருக்கலாம், இல்லாமயும் போவலாம். எங்க மாமியாருக்கு மாமியாரு பேரே எனக்குத் தெரியாது, ஆயா. இதுல நான் யாருக்காக மன்னிக்கிறது?” என்றாள். பிறகு, ஏதோ நினைவு வந்தவள்போல், “அது சரி, கொழந்த பொழச்சுதா?” என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். இல்லையென்று தலையசைத்தேன்.

“எழுதலம்மா” என்றாள் அக்கா.

“அவரு போய்க் கேக்கலையா?”

“கேக்கல.”

“ஒரே ஊருதானே?”

வரப்பிலிருந்து யாரோ அவளை அதட்டி அழைத்தார்கள். “வர்றேன் ஆயா, வெயில்ல ஒக்காராதீங்க” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவள் குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால் அக்கா ஆறுதல் அடைந்திருப்பாள்.

அன்று வீடு திரும்பியதும் முடிவுரையைக் கிழித்தேன். இத்தனை பாசுரங்களைக் கற்றும், ஒரு பேரரசின் ஆணையைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தும், சும்மாடு கட்டியவள் கேட்ட அந்த எளிய கேள்வி எனக்கு எழவில்லை. என் கண்களும் பாட்டனாரின் கண்களைப் போலவே உப்பின் மீதும் இறைவன் மீதும் இருந்தன. இறைவனிடம் கேட்பது எளிது. அவன் எங்கும் இருப்பவன். அவனைத் தேடி இன்னொருத்தி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. முடிவுரை இல்லாமலே திட்டப்பணியை ஒப்படைத்தேன். அக்குறைக்காக ஆசிரியை மதிப்பெண் குறைத்திருந்தார், அது முறையே.

அதன் பின்னரும் அக்கா சனிக்கிழமைகளில் உப்பில்லாமல்தான் உண்டாள். ஆனால் உண்ணுமுன் கைகூப்புவதை விட்டுவிட்டாள். தெருவில் தளர்ந்து செல்லும் முதியவர் எவரைக் கண்டாலும், “அவருக்கு என்ன வயசு இருக்கும்?” என்று கேட்பாள். அந்தக் குழந்தை பிழைத்திருந்தால் இப்போது தொண்ணூறைக் கடந்திருக்கும். தொண்ணூறுக்கு மேல் இருக்காது என்று நான் சொன்னால், மீண்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐப்பசியில் ஒரு முற்பகலில் அவளுக்கு மூச்சு தளர்ந்தது. எங்கள் மரபுப்படி அவள் செவியில் திருநாமம் ஓதக் குனிந்தேன். அவள் உதடுகள் அசைந்தன. நாமத்தைத்தான் சொல்கிறாள் என்று எண்ணி என் காதை அருகில் வைத்தேன்.

“பொழச்சுதாடா?”

பிழைத்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். ஆனால் இதுவும் அந்தப் பெண்ணைக் கேளாமல் எங்களுக்குள் நாங்களே முடித்துக்கொள்வதாகிவிடும் என்று தோன்றியது.

“தெரியலக்கா” என்றேன்.

அதன் பிறகுதான் நாமத்தைச் சொன்னேன். அது அவள் காதில் விழுந்ததா என்பதை நான் அறியேன்.